மைக் எடுக்கவில்லையா? டிரைவரைத் தொடும் முன் பிளக்கைப் பாருங்கள்

"காதில் நன்றாகக் கேட்கிறது, நான் பேசுவதுதான் யாருக்கும் கேட்கவில்லை." சமீபத்தில் அடுத்தடுத்து இரண்டு பேர் ஹெட்செட்டோடு இப்படி வந்து நின்றார்கள். இருவருமே கணினியின் ஆடியோ டிரைவரை (ஒலிக் கருவிகளை இயக்கும் மென்பொருளை) அழித்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்திருந்தார்கள். ஒருவர் விண்டோஸையே புதிதாக ஏற்றிவிட்டார். பல வருடங்களுக்கு முன் நான் செய்ததும் இதேதான். மைக் மியூட்டில் இருக்கிறதா, வயர் கழன்றிருக்கிறதா என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள்; அதை விட்டுவிட்டு, பலரும் செய்யும் மற்றத் தவறுகளைச் சொல்கிறேன்.

பிளக்கில் உள்ள கோடுகளை எண்ணாமல் விடுவது

ஹெட்செட்டின் 3.5 மி.மீ. பிளக்கைக் கையில் எடுங்கள். உலோகத்தின் நடுவே மூன்று கோடுகள் இருந்தால் அதில் நான்கு தொடுமுனைகள்: இடது காது, வலது காது, கிரவுண்ட் (மின்சாரம் திரும்பும் பொது முனை), மைக். போனுக்கு அது சரி. ஆனால் டெஸ்க்டாப்பின் பின்பக்கத்தில் உள்ள பச்சை ஜாக்கும் இளஞ்சிவப்பு ஜாக்கும் பொதுவாக மூன்று முனைகளுக்கானவை. பச்சையில் செருகினால் பாட்டு கேட்கும். மைக்குக்கு அங்கே வழியே கிடையாது. இளஞ்சிவப்பில் செருகினால் மைக் முனை ஜாக்கின் கிரவுண்டில் போய் உட்கார்ந்துகொள்ளும். எத்தனை டிரைவர் மாற்றினாலும் இது மாறாது.

இது தெரியாமல் நான் இரண்டு நாள் போராடினேன். கடைசியில் ஃபார்மேட் செய்தேன். காப்பு எடுக்காமல் வைத்திருந்த ஒலிப்பதிவுகள் ஒரு ஃபோல்டர் நிறையப் போய்விட்டன. அப்புறம் மைக்தான் பழுது என்று முடிவு கட்டிப் புது ஹெட்செட் வாங்கினேன். அதுவும் ஒற்றை பிளக். அதிலும் குரல் போகவில்லை. அதன் பிறகுதான் பழையதைப் போனில் செருகிப் பார்க்கத் தோன்றியது. தெளிவாக வேலை செய்தது! முதல் நாளே ஒரு நிமிடத்தில் செய்திருக்க வேண்டிய சோதனை அது.

தேவைப்பட்டது ஒரு ஸ்பிளிட்டர் மட்டுமே: ஒற்றை பிளக்கை காதுக்கும் மைக்குக்கும் தனித்தனியாகப் பிரிக்கும் சின்ன வயர். இதிலும் பலர் தவறானதை வாங்கிவிடுகிறார்கள். உங்களுக்கு வேண்டியது ஒரு துளையும் இரண்டு பிளக்குகளும் உள்ளது. ஒரு பிளக்கும் இரண்டு துளைகளும் உள்ளது வேறு வேலைக்கானது. கணினியின் ஒற்றை ஜாக்கின் மேல் மைக்கோடு சேர்ந்த ஹெட்செட் படம் போட்டிருந்தால் ஸ்பிளிட்டரே வேண்டாம், நேராகச் செருகலாம். சில பழைய ஹெட்செட்களில் மைக்கும் கிரவுண்டும் இடம் மாறியிருக்கும். அவற்றுக்குச் சாதாரண ஸ்பிளிட்டர் உதவாது.

நான் வாங்கிய பெட்டியின் மேல் 'கணினிக்கும் ஏற்றது' என்று பெரிதாகப் போட்டிருந்தது. தனி வயர் வேண்டும் என்பது பொடி எழுத்தில் அடியில் கிடந்தது. இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

முன்பக்க ஜாக்கை மட்டும் நம்புவது

பின்பக்கத்தில் செருகிப் பாருங்கள். அங்கே வேலை செய்தால், கேபினட்டின் முன்பக்கத்திலிருந்து மதர்போர்டுக்குப் போகும் ஆடியோ வயரைச் சந்தேகப்படுங்கள்.

மீட்டிங் நடக்கும்போது சோதிப்பது

முதலில் விண்டோஸின் சவுண்ட் செட்டிங்ஸில் இன்புட் பகுதியைத் திறந்துவைத்துப் பேசுங்கள். அங்கே ஹெட்செட்டின் மைக்கைத் தேர்ந்தெடுத்திருக்கும்போது அளவுக்கோடு அசைந்தால் ஹெட்செட், வயர், டிரைவர் எல்லாம் சரி. கோளாறு மீட்டிங் செயலியில் இருக்கிறது. பெரும்பாலும் வெப்கேமின் மைக்கைத் தேர்ந்தெடுத்து வைத்திருக்கும். அதுவும் சரியாக இருந்தால் பிரைவசி பகுதியில் மைக்ரோஃபோன் அனுமதியைப் பாருங்கள். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் டெஸ்க்டாப் செயலிகளுக்கென்று தனியாக ஒரு பொத்தான் இருக்கிறது. பட்டியலின் அடியில் இருப்பதால் கண்ணில் படாமல் போய்விடும்.

பூஸ்டை முழுக்க ஏற்றுவது

மைக்கின் ஒலியைக் கூட்டும் அமைப்புதான் பூஸ்ட். அதை 10 டெசிபலில் தொடங்குங்கள். 30-க்குப் போனால் குரலோடு இரைச்சலும் ஏறும்.

புளூடூத் ஹெட்செட்டைப் பழுது என்று நினைப்பது

மைக்கை இயக்கியதும் பாட்டின் தரம் விழுந்தால் அது பழுதல்ல. வழக்கமான புளூடூத்தில் மைக் ஓடும்போது ஒலி அழைப்புக்கான தரத்துக்கு இறங்கிவிடும். பாட்டு கேட்கும் நேரத்தில் இன்புட்டை வேறு மைக்குக்கு மாற்றிவிடுங்கள்.