வன்னி மாவட்ட உதைபந்தாட்ட லீக்குகளில் சமமான போட்டி: பணத்தையும் விதிகளையும் திருத்தும் வழி

ஒரே இரண்டு மூன்று கழகங்கள் வருடாவருடம் கிண்ணம் எடுக்கின்றன என்றால், மற்றக் கழகங்களில் திறமையான பெடியள் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். லீக்கின் கணக்குப் புத்தகத்தைப் பாருங்கள். பரிசுத்தொகை முழுக்க முதல் இரண்டு இடங்களுக்குப் போயிருக்கும். அந்தக் காசில் அடுத்த பருவத்துக்கு வெளி வீரர்கள் வருவார்கள், கிண்ணமும் திரும்ப அதே கழகத்துக்கே போகும். மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ உள்ள சிறிய கழகத்துக்கு மிஞ்சுவது வான் கூலிக் கடன். ஆகவே முதலில் திருத்த வேண்டியது காசு பிரிக்கும் முறையை.

ஸ்பெயினில் 2015 வரை ரியல் மாட்ரிட்டும் பார்சிலோனாவும் தங்கள் தொலைக்காட்சி உரிமையைத் தனித்தனியே விற்றன. அந்த வருடம் வந்த அரச ஆணை உரிமைகளைக் கூட்டாக விற்க வைத்தது. முதற்பிரிவுக்கான தொகையில் 50 வீதம் எல்லாக் கழகங்களுக்கும் சமமாகப் போக வேண்டும் என்றும் விதித்தது. இங்கிலாந்து பிரீமியர் லீக்கும் 1992இல் தொடங்கியபோதே உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதியைச் சமமாகப் பிரித்தது. எங்களிடம் தொலைக்காட்சிப் பணம் இல்லை. அனுசரணை, நுழைவுக்கட்டணம், இறுதி ஆட்ட ரிக்கற், கடைகளுக்கான இடவாடகை, புலம்பெயர் உறவுகளின் நன்கொடை ஆகியவைதான் இருக்கின்றன. இவற்றில் லீக்கின் பெயரால் வரும் ஒவ்வொரு ரூபாவும் லீக்கின் ஒரே வங்கிக்கணக்குக்கு வரவேண்டும். மத்தியஸ்தர் கொடுப்பனவு, பந்து, முதலுதவி, மைதானக் கோடு ஆகிய செலவுகளை முதலில் கழியுங்கள். மத்தியஸ்தருக்கு மைதானத்துக்குரிய கழகம் கையில் காசு கொடுக்கும் வழக்கம் இருந்தால் அதை உடனே நிறுத்துங்கள். யார் கொடுத்தாலும் சந்தேகம்தான் வரும்.

எட்டுக் கழகங்கள், மீதி 9 இலட்சம் ரூபா என்று வைத்துக்கொள்வோம். அதில் 50 வீதத்தைச் சமமாகப் பிரித்தால் கழகத்துக்கு 56,250 ரூபா. 20 வீதம், அதாவது 1,80,000, புள்ளிப்பட்டியல் நிலைக்கு. முதலிடத்துக்கு 8 பங்கு, கடைசி இடத்துக்கு 1 பங்கு என்று இறக்கினால் மொத்தம் 36 பங்கு, ஒரு பங்கு 5,000. சம்பியனுக்கு 40,000, கடைசிக் கழகத்துக்கு 5,000. இன்னொரு 20 வீதம் பயணத்துக்கு. மீதி 10 வீதம் 17 வயதுக்குட்பட்ட அணியை உண்மையில் களமிறக்கிய கழகங்களுக்கு மட்டும். சமபங்கையும் நிலைப்பங்கையும் கூட்டினால் சம்பியனுக்கு 96,250, கடைசிக் கழகத்துக்கு 61,250. வெல்ல வேண்டும் என்ற ஆசைக்கு அந்த இடைவெளி போதும், அடுத்த வருடத்தையே விலைக்கு வாங்கப் போதாது.

பயணப் பங்கைத்தான் பல லீக்குகள் மறந்துவிடுகின்றன. வன்னியில் அது பெரிய விடயம். ஏ9 வீதியோரக் கழகத்துக்குப் பேருந்தும் உண்டு, ஆட்டங்களும் கிட்ட. துணுக்காய்க்கும் நெடுங்கேணிக்கும் வான் பிடிக்காமல் வழியில்லை. ஒவ்வொரு கழகமும் வெளியே ஆடும் 7 ஆட்டங்களுக்கும் போய்வரும் தூரத்தை, வாகனம் ஓடும் வீதியால் அளந்து கூட்டுங்கள். காட்டுப்பாதையையும் குளக்கட்டையும் குறுக்குவழியாகக் கணக்கில் எடுக்கக்கூடாது. எட்டுக் கழகங்களுக்கும் மொத்தம் 3,600 கிலோமீற்றர் என்றால் கிலோமீற்றருக்கு 50 ரூபா. 700 கிலோமீற்றர் ஓடும் கழகத்துக்கு 35,000, 250 ஓடும் கழகத்துக்கு 12,500. முழு வான் கூலிக்கும் இது காணாது. ஆனாலும் இந்தத் தொகையில் பாதியை முதல் ஆட்டத்துக்கு முன்பே கொடுத்துவிடுங்கள். பரிசளிப்பு நாளில் கிடைக்கும் காசு சித்திரை மாத வான்காரருக்கு உதவாது. கழகங்கள் ஆட்டத்துக்கு வராமல் விடுவதற்கு அநேகமாக இதுதான் காரணம்.

அடுத்தது வீரர் பதிவு. ஒரு கழகத்துக்கு 25 பேர், அதில் வெளி வீரர் 4 பேர், ஒரே நேரத்தில் களத்தில் 3 பேர் என்பது நடைமுறைக்கு ஒத்துவரும் அளவு. ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியமும் 25 பேர் பட்டியலில் 8 இடங்களை உள்ளூரில் வளர்ந்த வீரர்களுக்கு ஒதுக்குகிறது. யார் வெளி வீரர் என்பதில்தான் சண்டை வரும். அடையாள அட்டை முகவரியை மட்டும் வைத்துத் தீர்மானித்தால் இங்கே அநியாயம் நடக்கும். இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து, திரும்பி வந்த குடும்பங்களின் முகவரி வேறு, வாழ்க்கை வேறு. எனவே மூன்றில் ஒன்று இருந்தால் உள்ளூர் வீரர் என்று எழுதுங்கள்: கிராம அலுவலர் உறுதிப்படுத்திய இரண்டு வருட வதிவிடம், அந்தப் பிரதேசப் பாடசாலையில் மூன்று வருடப் படிப்பு, அல்லது அதே கழகத்தின் இளையோர் அணியில் இரண்டு பருவம். பதிவு முதல் ஆட்டத்துக்கு 14 நாளுக்கு முன் மூடப்பட வேண்டும். நடுவில் ஒரு தடவை ஒரு கிழமைக்குத் திறந்தால் போதும். அரையிறுதிக்கு என்று ஆள் இறக்குவது அதோடு நின்றுவிடும்.

புலம்பெயர் நன்கொடையைத் தடுக்க முயலாதீர்கள். தடுத்தால் அது கடித உறைக்குள் போகும். ஐரோப்பிய உதைபந்தாட்ட ஒன்றியத்தின் நிதி விதிகள் இளையோர் பயிற்சிக்கும் மைதானக் கட்டுமானத்துக்கும் செலவழிப்பதைக் கழகத்தின் நட்டக் கணக்கில் சேர்க்காமல் விட்டன. அந்த யோசனையை இங்கேயும் எடுக்கலாம். மைதானம், சப்பாத்து, இளையோர் பயிற்சிக்கு எவ்வளவும் வரட்டும். வீரர் கொடுப்பனவு மட்டும் கழகத்தின் பதிவான வருமானத்தில் பாதியைத் தாண்டக்கூடாது. இருவர் கையொப்பத்துடன் வங்கிக்கணக்கு, பருவத்தில் இரண்டு தடவை ஒரு பக்கக் கணக்கு, பொருளாக வந்த உதவிக்கும் பெறுமதி எழுதுதல், தனக்கு எவ்வளவு கிடைத்தது என்று வீரர் ஒப்பமிடும் படிவம். மீறினால் அபராதம் வேண்டாம், 3 புள்ளி குறையுங்கள். அபராதம் காசுள்ள கழகத்துக்கு ஒரு செலவு மட்டுமே, ஏழைக் கழகத்துக்கோ அது மூடுவிழா.

ஆட்டத்துக்கு வராத கழகத்துக்கு எதிராக 3-0 என்று கொடுத்தால் கோல் வித்தியாசம் கெட்டுப்போகும். எனவே சமபுள்ளி வந்தால் முதலில் இரு கழகங்களும் மோதிய ஆட்ட முடிவுகளைப் பாருங்கள், கோல் வித்தியாசம் அதற்குப் பிறகு. ஒரு கழகம் நடுவில் விலகினால், பருவத்தின் 14 ஆட்டங்களில் 7க்குக் குறைவாக ஆடியிருந்தால் அதன் எல்லா முடிவுகளையும் நீக்குங்கள். 7 அல்லது கூட ஆடியிருந்தால் மீதி ஆட்டங்களை எதிரணிகளுக்கு 3-0 என்று பதியுங்கள். இதை முன்கூட்டியே எழுதாவிட்டால், யாருக்கு இலாபமோ அவர்கள் அன்றைக்கு விதி சொல்லுவார்கள்.

கடைசிச் சுற்று ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்க வேண்டும். 1982 உலகக் கிண்ணத்தில் அல்ஜீரியா தன் குழு ஆட்டங்களை ஒரு நாள் முந்தியே முடித்துவிட்டது. மறுநாள் ஸ்பெயினின் ஹிஹோன் நகரில் அதே குழுவின் கடைசி ஆட்டம்: மேற்கு ஜேர்மனி 1-0 என்று வென்றால் ஜேர்மனியும் ஒஸ்ரியாவும் அல்ஜீரியாவைத் தள்ளிவிட்டுச் சேர்ந்தே அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்ற நிலை. 10ஆவது நிமிடக் கோலுக்குப் பிறகு ஆட்டம் அப்படியே தேங்கி, அந்தக் கணக்கிலேயே முடிந்தது. 1986 முதல் குழுவின் கடைசி ஆட்டங்கள் ஒரே நேரத்தில் நடக்கின்றன. நான்கு மைதானத்துக்கு 12 மத்தியஸ்தர் கிடைக்காவிட்டால், கிண்ணத்தையோ தரமிறக்கத்தையோ தீர்மானிக்கும் ஆட்டங்களை மட்டுமாவது சேர்த்து வையுங்கள்.

நாட்காட்டியும் சமத்துவத்தைச் சேர்ந்ததுதான். காலபோக அறுவடை முடிந்த பிறகு தொடங்கி, மாரிக்கு முன், புரட்டாதிக்குள் முடியுங்கள். மே 18ஐயொட்டிய வாரம், வற்றாப்பளைப் பொங்கல், ஓகஸ்டில் மடுத் திருவிழா ஆகியவற்றுக்கு இடைவெளி விடுங்கள். அந்த நாட்களில் ஆட்டம் வைத்தால் அந்த அயலிலுள்ள கழகம்தான் அரை அணியோடு இறங்கும். ஞாபகார்த்தச் சுற்றுப்போட்டிகளுக்கும் தனி வார இறுதிகளை ஒதுக்கினால் கழகமும் வீரரும் முரண்பட வேண்டியதில்லை.

இதையெல்லாம் நிறைவேற்ற ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு 30 நாளுக்கு முன் திருத்தங்களை எழுத்தில் அனுப்புங்கள். ஒரு கழகத்துக்கு ஒரு வாக்கு, மூன்றில் இரண்டு பெரும்பான்மை. எந்தத் திருத்தமும் அடுத்த பருவத்திலிருந்தே செல்லும். ஒழுக்காற்றுக் குழுவில் எந்தக் கழகத்தோடும் தொடர்பில்லாத மூவர் இருக்கட்டும், ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் மத்தியஸ்தர்களும் இதற்குப் பொருத்தம். அரசியல்வாதி கிண்ணம் தரலாம், வாக்கு அவருக்கு இல்லை. வெளியார் தலையீட்டைக் காரணம் காட்டி ஃபிஃபா 2023 ஜனவரியில் இலங்கையையே இடைநிறுத்தி, ஓகஸ்டில்தான் தடையை நீக்கியது. பெரிய கழகங்கள் பணப் பிரிப்பை எதிர்த்தால் முதல் வருடம் 30 வீதம், அடுத்த வருடம் 40, மூன்றாம் வருடம் 50 என்று சமபங்கை ஏற்றும் தீர்மானத்தை ஒரே கூட்டத்தில் நிறைவேற்றுங்கள். ஒவ்வொரு வருடமும் திரும்ப வாக்கெடுப்புக்குப் போனால் இரண்டாம் வருடத்திலேயே அது நின்றுவிடும்.