சுடப் பழகும் பிள்ளைகள் விடும் பிழைகள்

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் துருக்கிக்காரர் யூசுப் டிகெச் ஒரு கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டபடி கைத்துப்பாக்கியால் சுட்டு வெள்ளி எடுத்த படம் யாழ்ப்பாணத்திலும் போன் போனாகச் சுற்றியது. "ஒரு சாமானும் இல்லாமல் சும்மா வந்து அடிச்சிட்டார்" என்று நம்புவதுதான் முதற்பிழை. அது அவருடைய ஐந்தாவது ஒலிம்பிக். பைக்குள் கை விடுவதும் ஸ்டைல் இல்லை. சும்மா தொங்கும் கை ஆடினால் உடம்பும் ஆடும்.

அடுத்தது, வளவுக்குள் பேணியையும் காகத்தையும் குறிவைத்துப் பழகுவது. ஆபத்தும் சட்டச் சிக்கலும் ஒருபக்கம் இருக்கட்டும், அது வேறு வேலை. 10 மீற்றர் எயார் ரைபிளில் (காற்றழுத்தத்தால் சுடும் நீளத் துவக்கு) பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 0.5 மில்லிமீற்றர்தான். 75 நிமிடத்துக்குள் 60 தரம் அதைத் தேடவேண்டும். கண் கூர்மை மட்டும் இதற்குக் காணாது.

பெரும்பாலும் கெடுப்பது விரல். குறி சரியாக வந்ததும் "இப்ப!" என்று விசையைப் பட்டென்று இழுப்பார்கள், குழல் முனை அசைந்துவிடும். விசையை மெல்ல மெல்ல அழுத்திக்கொண்டு போகவேண்டும். கனநேரம் குறியை வெறித்துப் பார்த்தால் கண்ணும் களைக்கும், கையும் நடுங்கும். அப்போது சுட்டுத் தொலைக்காமல் இறக்கி வைத்து, மூச்சு விட்டு, திரும்பத் தூக்குங்கள். இறக்கி வைக்க வெட்கப்படுபவர்கள்தான் அதிகம். குண்டு போனதும் புள்ளி பார்க்கத் தலையைத் தூக்குவதும் கூடாது. இதையெல்லாம் பயிற்றுவிப்பாளரின் கண்முன், குண்டே போடாமல் பழகலாம். பிள்ளைகளுக்கு அது அலுப்பு, ஆனால் சம்பியன்களின் நாட்கள் பெரும்பாலும் அப்படித்தான் போகின்றன.

முன்னுக்கு நிற்பவர்களும் தப்புவதில்லை. 2004 ஏதென்ஸில் அமெரிக்கர் மற் எமன்ஸ் கடைசிச் சூட்டுக்கு வரும்போது முதலிடம். சுட்டது பக்கத்து ஆளின் இலக்கில். பூச்சியம் விழுந்து எட்டாமிடத்துக்குப் போனார். ஒவ்வொரு தரமும் இலக்கின் நம்பரைப் பார்த்துவிட்டுத்தான் குறி.

இன்னொன்று, வீட்டுக்கு ஒளித்துப் பழகுவது. துவக்கு என்றால் இங்கே அம்மாமாருக்கு முகம் மாறும். மாறாமல் எப்படி இருக்கும்? நம் நாட்டுத் துப்பாக்கி சுடும் வீராங்கனை தெஹானி எகொடவெல டோக்கியோ ஒலிம்பிக் வரை போனதைச் சொல்லுங்கள். அப்புறம் ஒருநாள் சுடப் பழகும் ரேஞ்சுக்கே கூட்டிக்கொண்டு போங்கள். சுடாத நேரத்தில் குழலுக்குள் நிறக்கொடி செருகி, குண்டில்லை என்று காட்டியபடி பிள்ளைகள் நிற்பதை அவர்களே பார்க்கட்டும்.