கவசத்தின் வண்ணம் வெடிக்காமல் இருக்க: என் அனுபவம்

2024 பிப்ரவரியில் சென்னை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் நடைபெற்ற காமிக் கான் என்னும் காமிக்ஸ் ரசிகர் விழாவுக்கு, ஈவிஏ ஃபோம் என்னும் இலேசான, வளையும் தகட்டில் செய்த மார்புக் கவசம் அணிந்து காஸ்பிளே செய்ய, அதாவது ஒரு கதாபாத்திரமாக வேடமிடச் சென்றிருந்தேன். குனியும்போதெல்லாம் இடுப்பருகே வண்ணம் பாளம்பாளமாக வெடித்ததால், நான் ஏற்றிருந்த போர்வீரனின் நிமிர்ந்த நடை வரவில்லை. எது உதிருமோ என்று அஞ்சுபவனின் நடைதான் வந்தது.

ஃபோமின் மேற்பரப்பிலுள்ள நுண்துளைகள் வண்ணத்தை உறிஞ்சிக்கொள்ளும். மேலே தங்கும் வண்ணமோ ஃபோமுடன் சேர்ந்து வளையாமல் பிளக்கும். ஆகவே பழைய பூச்சைத் தேய்த்து நீக்கி, ஹீட் கன்னை (சூடான காற்றை ஊதும் கருவி) ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தியபடி, மேற்பரப்பு லேசாகப் பளபளக்கும்வரை சூடேற்றித் துளைகளை மூடினேன். அதன்மேல் வளையும் தன்மையுள்ள ரப்பர் பூச்சை மெல்லிய அடுக்குகளாகத் தெளித்து, அக்ரிலிக் வண்ணத்தையும் மெலிதாகவே ஏற்றினேன். (சென்னையின் ஈரக்காற்றில், டப்பாவில் குறித்த நேரத்தை நம்பாமல் ஓர் இரவு காயவிடுவதே நலம்.)

பூச்சு மட்டும் போதவில்லை. கவசத்தை இடுப்பில் இரண்டாக வெட்டி, உட்புறம் எலாஸ்டிக் பட்டையால் இணைத்தேன். ஜன்னல்களைத் திறந்துவைத்து, கான்டாக்ட் பசையை இரு பரப்புகளிலும் தடவி, தொட்டால் விரலில் ஒட்டாத பதம் வந்தபின் அழுத்தினேன். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் பிடிப்பு நிற்காது.

பிறகு கவசத்துடன் கண்ணாடி முன் குனிந்தும் அமர்ந்தும் பழகினேன். படமெடுப்பவர் கேட்டவுடன் ஒரு முழங்காலை ஊன்றி, ஃபோம் வாளை உயர்த்த இப்போது தயக்கமில்லை.