கிராம சபைக்குப் புதிதாக வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டக் கிராம சபைகளுக்கு இப்போது இளைஞர்கள் வருகிறார்கள். தூர்வாரிய கணக்கைக் கேட்கும் துணிவோடு வருகிற அவர்களும், முன்பு வந்தவர்கள் தோற்ற இடங்களிலேயே தோற்பதைப் பார்க்கையில் இதை எழுதத் தோன்றியது. நேரத்துக்கு வருவது, நிதானமாகப் பேசுவது போன்றவற்றை அவர்களே அறிவார்கள்.

தலைவர் இல்லையேல் சபையும் இல்லை என எண்ணுவது

2019 டிசம்பரில் தேர்வான ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-ஆம் தேதி முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்களிடம் சென்றது. 2016-இல் தொடங்கிய இடைவெளியிலும் இதே நிலைதான். பதவிக்காலம் முடியுமுன் தேர்தலை நடத்தியாக வேண்டும் என்கிறது அரசமைப்புச் சட்டம். அதை மீறுவது ஜனநாயகத்தை அடிமட்டத்திலேயே அரிக்கிறது. ஆனால், வாக்காளர் பட்டியலில் உள்ள அனைவரும் சேர்ந்ததே கிராம சபை. அதற்குப் பதவிக்காலம் கிடையாது.

தீர்மானம் எழுதப்படும் முன் கையெழுத்திடுவது

என்னால் இன்றும் பொறுக்க முடியாதது இதுதான். திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஓர் ஊரில், அக்டோபர் 2 கூட்டத்தில், வடிகால் வாய்க்கால் ஆக்கிரமிப்பை அகற்றக் கோரும் தீர்மானத்தை ஊரே கைதூக்கி ஏற்றது. கையெழுத்துகளைத் தொடக்கத்திலேயே வாங்கிவிட்டதால், சம்பா வேலை கிடக்கிறதென்று எல்லோரும் வயலுக்குப் போய்விட்டார்கள். பின்னர் தகவல் உரிமைச் சட்டத்தில் பதிவேட்டின் நகலைப் பெற்றபோது, வாய்க்காலைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. செலவினங்களுக்கு ஒப்புதல் அளித்ததாக எழுதி, அதன்கீழ் அவர்களுடைய கையெழுத்துகளே இருந்தன. ஐப்பசி மழையில் அந்த வாய்க்கால் வடியாமல் பயிர் அழுகியது.

ஆகவே, தீர்மானத்தை முந்தைய நாளே எழுதி எடுத்துச் செல்லுங்கள். அது பதிவேட்டில் ஏறியபின் உரக்க வாசிக்கச் சொல்லி, வெற்றிடத்தில் குறுக்குக்கோடு இழுத்த பிறகே கையெழுத்திடுங்கள். பக்கத்தைக் கைப்பேசியில் படம் எடுங்கள். “அதிகாரியை நம்பாதது மரியாதையா, தம்பி?” என்று பெரியவர்கள் கேட்பார்கள். வாசித்துக் காட்டச் சொல்வதில் எந்த அவமரியாதையும் இல்லை.

குறைவெண்ணைக் கவனியாமல் விடுவது

குறைவெண் என்பது கூட்டம் செல்லுபடியாக வந்திருக்க வேண்டிய குறைந்தபட்ச ஆட்கள். 501 முதல் 3,000 வரை மக்கள்தொகை உள்ள ஊராட்சிக்கு 100 பேர், எண்ணிப் பாருங்கள்.

தீர்மானத்தோடு நின்றுவிடுவது

2017-இல் நிலத்தடியிலிருந்து எண்ணெய், எரிவாயு எடுக்கும் ஹைட்ரோகார்பன் திட்டங்களை எதிர்த்து நெடுவாசலும் கதிராமங்கலமும் போராடின. டெல்டா ஊர்கள் பல ஹைட்ரோகார்பனுக்கு எதிராகத் தீர்மானம் இயற்றின. 2020 பிப்ரவரியில், டெல்டாவில் அத்தகைய புதிய திட்டங்களைத் தடுக்கும் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தது. ஏற்கெனவே இயங்கிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகளை அது தொடவில்லை. இடைவிடாமல் கேட்டவர்களுக்கே அவ்வளவுதான் கிடைத்தது. தீர்மான நகலை ஆட்சியருக்குப் பதிவஞ்சலில் அனுப்புங்கள். அசைவில்லையெனில் 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் மனு அளியுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்யுங்கள்.