நீரிழிவுள்ள பிள்ளைத்தாய்ச்சிக்கு எத்தனை கிலோ கூடலாம்? ஒரு சின்னக் கணக்கு

"ரெண்டு பேருக்குச் சாப்பிடு பிள்ளை" என்று மாமி இன்னொரு கரண்டி புட்டுப் போடுவா. கிளினிக்கில் நிறை கூடிப்போச்சென்று ஏச்சு விழும். இரண்டாவது பிள்ளையின்போது நடுவில் மாட்டிக்கொண்ட எனக்குக் கைகொடுத்தது இந்தக் கணக்குத்தான். கிளினிக் அட்டையையும் பேனையையும் எடுங்கள்.

படி 1: பிள்ளை தங்குவதற்கு முந்திய நிறையை எழுதுங்கள். தெரியாவிட்டால் முதல் பதிவில் உள்ளதை எடுக்கலாம். அதை உயரத்தால் இரண்டு தரம் வகுக்க வேண்டும். 62 கிலோ, 1.55 மீற்றர் என்றால், 62 ÷ 1.55 = 40. திரும்பவும் 40 ÷ 1.55 = 25.8. இதுதான் பிஎம்ஐ, உயரத்துக்கு நிறை பொருந்துகிறதா என்று காட்டும் எண்.

படி 2: உங்கள் எல்லையைப் பாருங்கள். முதலில் இருப்பது பிஎம்ஐ, அடுத்தது பிள்ளை வயிற்றிலிருக்கும் காலம் முழுக்கக் கூடக்கூடிய நிறை.
18.5இற்குக் கீழே: 12.5 – 18 கிலோ
18.5 – 24.9: 11.5 – 16 கிலோ
25 – 29.9: 7 – 11.5 கிலோ
30உம் மேலும்: 5 – 9 கிலோ

இவை 2009இல் அமெரிக்காவில் வகுத்த அளவுகள். நீரிழிவுக்கென்று தனி அட்டவணை அதில் இல்லை. இரட்டைப் பிள்ளைகளுக்குக் கணக்கு வேறு. உங்கள் டொக்டர் வேறு எல்லை சொன்னால் அதையே பிடியுங்கள்.

படி 3: கிழமைக்கு ஒருநாள் நிறை பாருங்கள். காலையில், சாப்பிட முன், சலம் கழித்த பிறகு, அதே தராசில். வீட்டுத் தராசும் கிளினிக் தராசும் ஒருநாளும் ஒத்துப்போகாது, இரண்டையும் கலக்க வேண்டாம். முதல் மூன்று மாதத்தில் அரைக் கிலோவிலிருந்து 2 கிலோ வரை கூடினால் போதும். அதற்குப் பிறகு, மேலே சொன்ன 25.8காரிக்குக் கிழமைக்குச் சுமார் 280 கிராம், 25இற்குக் கீழே சாதாரண நிறையென்றால் 420 கிராம்.

படி 4: இனித்தான் உண்மையான வேலை, சாப்பாட்டுக் கோப்பை. பாதிக்கு முருங்கையிலை வறையோ வேறு மரக்கறியோ, கால்வாசிக்கு மீன், முட்டை அல்லது பருப்பு, மிச்சக் கால்வாசிதான் புட்டு. குரக்கன் புட்டென்றால் எவ்வளவும் சாப்பிடலாம் என்று எங்கள் ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. குரக்கனும் மாதான், அளவு அதற்கும் உண்டு. கிளினிக்கில் தரும் சத்துமாவான திரிபோஷாவைச் சீனி போட்டு உருட்டாதீர்கள், எவ்வளவு எடுக்கலாம் என்று மிட்வைஃபிடம் கேளுங்கள். கறுத்தக்கொழும்பான் மாம்பழக் காலத்தில் ஒரு துண்டோடு கையைக் கழுவுவது, சரி, கஷ்டம்தான்.

நான் விட்ட பிழை ஒன்று. நிறை ஏறுகிறதே என்று இராச்சாப்பாட்டை நிறுத்தினேன். சீனி அளவு அழகாக இறங்கியது, நிறையும் இறங்கியது, சலத்தில் கீற்றோன் வந்துவிட்டது. உடம்பு மாவுச்சத்துக் கிடைக்காமல் கொழுப்பை எரித்தால் அப்படி வரும். டொக்டரிடம் வாங்கிய ஏச்சு மாமியின் புட்டைவிடக் கனம். நிறை மிஞ்சினால் பிள்ளை பெருத்துப் பிரசவம் சிக்கலாகும், குறைந்தால் பிள்ளை மெலியும். இன்சுலின் தொடங்கியதும் சிலருக்கு நிறை கொஞ்சம் ஏறும். அதற்காக ஊசி அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள்.

படி 5: ஒரே கிழமையில் ஒரு கிலோவுக்கு மேல் கூடி, முகமும் கையும் வீங்கினால், அது சாப்பாட்டால் வந்த நிறையாக இராது. தலையிடி, கண் மங்கல் இருந்தால் பிரஷர் ஏறியிருக்கக்கூடும். கிளினிக் நாள் வரட்டும் என்று இருக்காமல், இரவென்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், அட்டையையும் எடுத்துக்கொண்டு.