வீட்டிலேயே வாட்டர் மார்பிள் நகக் கலை: தோழியோடு சேர்ந்து செய்யும் முறை

தண்ணீரின் மேல் நகப்பூச்சைச் சொட்டுச் சொட்டாக விட்டு, வளையம் வளையமாக விரியும் வண்ணங்களில் குச்சி முனையால் கோடு இழுத்து, கிடைக்கும் வடிவத்தை நகத்தில் அப்படியே எடுத்துக்கொள்ளும் முறைக்கு வாட்டர் மார்பிள் என்று பெயர். காகிதத்தில் இதைச் செய்யும் கலை ஜப்பானில் சுமினகாஷி என்றும் துருக்கியில் எப்ரு என்றும் வழங்குகிறது. எப்ரு 2014-ஆம் ஆண்டில் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அக்கலைகளில் பயன்படும் மையும் சாயமும் நீரின் மேல் நெடுநேரம் காயாமல் இருக்கும். நகப்பூச்சு அப்படி இருக்காது. நீரைத் தொட்ட கணத்திலேயே உலரத் தொடங்கிவிடுவதால், முதல் சொட்டு விழுந்ததிலிருந்து விரலை முக்கும்வரை நமக்குக் கிடைப்பது ஏறத்தாழ அரை நிமிடமே.

தனியாக உட்கார்ந்து இதைச் செய்ய முயல்கிறவர்கள் பாதியில் விட்டுவிடுவதற்கு இந்த அரை நிமிடமே காரணம். டேப் சுற்றிய விரல்களால் மூடியைத் திறந்து, சொட்டு விட்டு, கோடு இழுத்து முடிப்பதற்குள் படலம் காய்ந்து சுருங்கிவிடும். ஒருவர் தண்ணீர் வேலையைக் கவனிக்க, மற்றவர் விரலை மட்டும் நீட்டினால் இந்த அவசரம் வெகுவாகக் குறைகிறது. நானும் என் தோழியும் முறை வைத்து ஒருவருக்கொருவர் செய்துகொள்கிறோம். சாதாரணமாக நகப்பூச்சு போடத் தெரிந்தவர்களை மனத்தில் வைத்து எழுதுவதால், நகம் வெட்டுவது, அரத்தால் தேய்த்து வடிவமைப்பது ஆகியவற்றை இங்கே விளக்கவில்லை.

தேவையானவை

வெள்ளை நகப்பூச்சு ஒன்று, அடர் நிறங்களில் இரண்டு அல்லது மூன்று, பேஸ் கோட், டாப் கோட், அசிட்டோன் உள்ள ரிமூவர், புதிய காகிதக் கப்புகள், செல்லோ டேப், பல் குத்தும் குச்சிகள், பட்ஸ், டிஷ்யூ, சிறிய ஓவியத் தூரிகை ஒன்று. கீழே விரிக்கப் பழைய செய்தித்தாள் போதும்.

நகப்பூச்சைத் தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். மினுக்குத் தூள் இல்லாத, பளபளப்பான, சாதாரண க்ரீம் வகையே நன்றாக விரியும். மேட் வகையும், ஒரே நிமிடத்தில் உலரும் என்று விற்கப்படும் வகையும் நீரைத் தொட்டவுடன் தோல் கட்டிவிடுவதால் இவ்வேலைக்கு ஆகாதவை. விலை உயர்ந்த பாட்டில்தான் வேண்டும் என்பதில்லை. தெருமுனை ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் மலிவான பாட்டில்களில் பல சற்று நீர்த்தே இருப்பதால் எனக்கு அவையே அதிகம் பிடிக்கும். புதிதாக எதை வாங்கினாலும் முதலில் ஒரு கப் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துவிடுங்கள். இரண்டு நொடிகளுக்குள் அது கப்பின் ஓரத்தை நோக்கி விரிந்தால் நம்பி எடுத்துக்கொள்ளலாம்.

நிறச் சேர்க்கைக்கு நான் பட்டுப் புடவைகளைத்தான் பார்க்கிறேன். அரக்கும் மாம்பழ மஞ்சளும், மயில் நீலமும் கிளிப்பச்சையும் உடலும் பார்டருமாக எடுத்துக்காட்டும் அந்தப் பொருத்தம் நகத்திலும் எடுபடுகிறது. இரண்டு அடர் நிறங்களை அடுத்தடுத்து விடாமல் நடுவே வெள்ளை வளையம் ஒன்றை விட்டால் கோடுகள் தெளிவாகத் தெரியும்.

நகத்தைத் தயார் செய்தல்

ரிமூவரில் நனைத்த பஞ்சால் ஒவ்வொரு நகத்தையும் ஒரு முறை துடைத்துவிடுங்கள். பழைய பூச்சு இல்லாவிட்டாலும் இதைச் செய்ய வேண்டும். தலைக்கு எண்ணெய் வைத்த கையின் பிசுக்கு நகத்தில் இருந்தால் எந்தப் பூச்சும் நிற்காது. பிறகு பேஸ் கோட், அதன் மேல் வெள்ளை இரண்டு பூச்சு. வெள்ளை முழுமையாக உலர அரை மணி நேரம் கொடுங்கள். அடியில் ஈரம் இருந்தால், மேலே படியும் படலத்தோடு சேர்ந்து அதுவும் மடிந்துவிடும்.

வெள்ளை உலர்ந்தபின் நகத்தைச் சுற்றியுள்ள தோலை டேப்பால் மூடுங்கள். குறுகிய துண்டுகளாக வெட்டி, நகத்தின் இரு பக்கமும் கீழ்ப்பக்கமும் ஒட்டி, விரலின் முதல் கணுவரை மூடிவிட்டால் பின்னால் துடைக்கும் வேலை பாதியாகக் குறையும். தோலின் மேல் வெள்ளைப் பசை தடவி உரித்தெடுக்கும் முறையும் உண்டு. அது தண்ணீரில் ஊறிப் பிசுபிசுப்பதால் எனக்கு அதில் விருப்பமில்லை. வாசலினும் வேண்டாம். அதற்கான காரணம் அடுத்த படியில் இருக்கிறது.

தண்ணீர்

எங்களை நெடுநேரம் நிறுத்திவைத்தது இந்தப் படிதான். எழுதிக் கேட்கிறவர்களில் பெரும்பாலோரும் இங்கேதான் நிற்கிறார்கள். ஆகவே சற்று விரிவாகவே சொல்கிறேன்.

நகப்பூச்சில் நைட்ரோசெல்லுலோஸ் என்னும் பொருள் எத்தில் அசிட்டேட், பியூட்டைல் அசிட்டேட் போன்ற கரைப்பான்களில் கரைந்திருக்கிறது. கரைப்பான் ஆவியாகிப் போனதும் மிஞ்சும் படலத்தைத்தான் நாம் நகத்தில் பார்க்கிறோம். தண்ணீரின் பரப்பு இழுவிசை நகப்பூச்சினுடையதைவிட மிகவும் அதிகம் என்பதால், மேலே விழுந்த சொட்டைத் தண்ணீர் எல்லாப் பக்கமும் இழுத்து மெல்லிய தகடாக விரிக்கிறது. இந்த இழுப்பு குறைந்தால் சொட்டு விரியாமல் ஒரு பொட்டாக நின்றுவிடும், அல்லது அடியில் போய்ப் படியும்.

இழுப்பைக் குறைக்கும் பொருள்கள் இரண்டும் நம் வீட்டுச் சமையலறையிலேயே இருக்கின்றன: சோப்பு, எண்ணெய். பாத்திரம் தேய்க்கும் சோப்பின் சுவடு கிண்ணத்தில் இருந்தாலும், விரலிலோ குச்சியிலோ எண்ணெய்ப் பசை இருந்தாலும் நீர்ப்பரப்பில் அது உடனே பரவிவிடும். அதன்பின் எவ்வளவு நல்ல பூச்சானாலும் விரியாது. டிபன் கிண்ணங்களை எடுக்காமல் புதிய காகிதக் கப்புகளைப் பயன்படுத்தச் சொல்வதும், வாசலினை விலக்குவதும் இதனால்தான். கப்பின் வாய் அகலமாக இருந்தால் படலம் மிக மெலிந்து நிறம் வெளிறிப் போகும்; இரண்டு விரல்கள் தாராளமாக நுழையும் அகலம் சரியாக இருக்கும். விளிம்புக்குக் கீழே அரை அங்குலம் விட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். தண்ணீர் தாழ்ந்திருந்தால் விரலைப் படுக்கை வாட்டில் இறக்க முடியாது.

அடுத்தது வெப்பநிலை. ஃப்ரிட்ஜ் தண்ணீரில் சொட்டு இறுகி விரிய மறுக்கிறது. வெயில் நேரத்தில் மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் சூடான தண்ணீரில் கரைப்பான் சட்டென்று ஆவியாகிப் படலம் சுருங்குகிறது. முந்தின இரவே சொம்பில் பிடித்துவைத்த தண்ணீர், தொட்டால் சூடும் குளிர்ச்சியும் தெரியாத நிலையில் இருக்கும், அதுவே வேண்டும். எங்கள் பகுதியில் போர் தண்ணீர் உப்பாக இருப்பதால் நாங்கள் கேன் தண்ணீரையே ஊற்றுகிறோம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மின்விசிறியை நிறுத்துங்கள். நம் வீடுகளில் விசிறி சுழல்வதையே மறந்துவிடும் அளவுக்கு அது எந்நேரமும் ஓடிக்கொண்டிருக்கிறது. அந்தக் காற்று நேராக நீர்ப்பரப்பில் படும்போது, மூன்றாவது சொட்டு விழுவதற்குள் முதல் வளையம் காய்ந்துவிடுகிறது. ஆனால் கரைப்பானின் வாடை மூடிய அறைக்குள் சேரக் கூடாது. ஜன்னலைத் திறந்துவைத்து, காற்று நேராகப் படாத பக்கத்தில் அமர்ந்து, ஒரு கை முடிந்ததும் சிறிது நேரம் விசிறியை ஓடவிட்டுக்கொள்ளலாம். நகப்பூச்சும் ரிமூவரும் எளிதில் தீப்பற்றுபவை. ஏற்றிய விளக்கு, ஊதுபத்தி, கொசுவர்த்தி, அடுப்பு ஆகியவை அந்த அறையில் இருக்கக் கூடாது.

சொட்டு விடுதல்

தொடங்குவதற்கு முன் எல்லா பாட்டில்களின் மூடிகளையும் திருகித் தளர்த்தி, விடப்போகும் வரிசையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். தூரிகையைத் தண்ணீருக்கு மிக அருகில், தொட்டும் தொடாமலும் பிடித்து, சொட்டு தானாக இறங்கி நீரைத் தொடும்படி விட வேண்டும். உயரத்திலிருந்து விழும் சொட்டு பரப்பைத் துளைத்துக்கொண்டு அடியில் போய்விடும்.

முதல் சொட்டு கப்பின் ஓரம்வரை மெல்லிய தகடாகப் பரவி, சுவரைப் பற்றிக்கொள்ளும். இரண்டாவது சொட்டை அதன் நடுவில் விட்டால் முதலாவதை ஓரத்துக்குத் தள்ளியபடி கொஞ்சம் குறைவாகப் பரவும். அப்படியே ஒவ்வொன்றாக நடுப்புள்ளியில் விட்டுக்கொண்டு போனால் மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல ஒன்றுக்குள் ஒன்றாக வளையங்கள் கிடைக்கும். ஆறேழு வளையங்களுக்கு மேல் போக வேண்டாம். நேரமும் இருக்காது, நகத்தின் அகலத்துக்கு அத்தனை கோடுகள் தேவையும் இல்லை.

கோடு இழுத்தல்

வெளி வளையத்திலிருந்து குச்சியை இழுக்கத் தொடங்கினால் மொத்தப் படலமும் குச்சியோடு வந்துவிடும். வெளி வளையம்தான் முதலில் விழுந்தது என்பதால் அதுவே முதலில் காய்ந்திருக்கும். அதை விட்டுவிட்டு, உள்ளே மூன்றாவது வளையத்திலிருந்து தொடங்குங்கள். குச்சியை அமுக்காமல், முனை மட்டும் பரப்பைத் தொடும்படி, ஒரே சீராக நடுவை நோக்கி இழுத்தால் ஒவ்வொரு வளையமும் கூர்மையாக வளைந்து இதழின் நுனிபோல நீளும். நான்கு பக்கமிருந்தும் நடுவுக்கு நான்கு கோடுகள் இழுத்தால் பூ வந்துவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் பின் குச்சியின் முனையை டிஷ்யூவில் துடைக்க வேண்டும். ஒட்டிய பூச்சோடு அடுத்த கோட்டை இழுத்தால் அது படலத்தைக் கிழித்துவிடும். பழகாதவர்கள் கோடே இழுக்காமல் வளையங்களை மட்டும் நகத்தில் எடுத்தாலும் அழகாகவே இருக்கும்.

விரலை முக்குதல்

எந்தப் பகுதி நகத்தில் வர வேண்டும் என்பதைத் தோழி முன்கூட்டியே சொல்லிவிடட்டும். நகம் கீழ்நோக்கி, நீர்ப்பரப்புக்கு ஏறக்குறைய இணையாக இருக்கும்படி விரலைப் பிடித்து, நிதானமாக இறக்க வேண்டும். செங்குத்தாகவோ வேகமாகவோ இறக்கினால் நகத்துக்கும் படலத்துக்கும் இடையே காற்றுக் குமிழி சிக்கி, அந்த இடத்தில் ஓட்டை விழும்.

விரல் நீருக்குள் இருக்கும்போதே, தண்ணீர் வேலை பார்ப்பவர் மேலே மிதக்கும் மிச்சப் படலத்தைப் பட்ஸால் சுற்றிச் சுருட்டி எடுத்துவிட வேண்டும். இதைச் செய்யாமல் விரலைத் தூக்கினால், மிச்சப் படலம் இரண்டாவது முறை நகத்தின் மேல் ஒட்டி வடிவத்தையே மறைத்துவிடும். பரப்பு சுத்தமானபின் விரலை மெல்ல வெளியே எடுங்கள். நகத்தின் மேல் நிற்கும் நீர்த்துளிகளைத் துடைக்காமல், டிஷ்யூவின் ஓரத்தால் தொட்டு உறிஞ்சிக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு விரலுக்கும் புதிய படலம் தேவைப்படும் என்பதால் பூச்சு நிறையவே செலவாகும். பத்து விரலுக்கும் இதைச் செய்யப் பரிந்துரைக்க மாட்டேன். மோதிர விரலிலும் கட்டை விரலிலும் மட்டும் செய்து, மற்ற நகங்களுக்கு அதே நிறங்களில் ஒன்றைப் பூசினாலே எடுப்பாக இருக்கும். அந்த நகங்களிலும் ஏதேனும் வேண்டுமென்றால் துடைப்பத்தின் ஈர்க்கு ஒன்றை உடைத்து, அடிப்பக்கத்தால் பெரிய புள்ளியும் நுனிப்பக்கத்தால் சிறிய புள்ளியும் வைக்கலாம். கடையில் விற்கும் புள்ளிக் கருவியைவிட ஈர்க்கு என் கைக்கு நன்றாக அடங்குகிறது. இரண்டு நிறங்களை ஸ்பாஞ்சுத் துண்டில் பக்கம் பக்கமாகத் தடவி, நகத்தில் ஒற்றி ஒற்றி எடுத்தால் ஒரு நிறம் மற்றொன்றில் கரைவது போன்ற பூச்சும் கிடைக்கும்.

முடித்தல்

பத்து நிமிடங்கள் கழித்து டேப்பை உரித்துவிட்டு, ஓவியத் தூரிகையை ரிமூவரில் நனைத்துத் தோலில் பட்டதைத் துடையுங்கள். நகம் முழுமையாக உலர்ந்தபின், நீர்த்துளி ஏதும் இல்லை என்று உறுதிசெய்துகொண்டு டாப் கோட் போடுங்கள். தூரிகையின் முடி நகத்தில் உரசாதபடி, நிறைய டாப் கோட்டை எடுத்து அதை மட்டும் நகத்தின் மேல் வழியவிட வேண்டும். அழுத்தித் தேய்த்தால் கோடுகள் கலங்கிவிடும். கப்பில் மிதக்கும் மிச்சப் படலத்தைக் குச்சியால் திரட்டிக் குப்பையில் போட்டபின்னரே தண்ணீரைக் கொட்டுங்கள்.

பின்னர் சேர்த்தவை

இதைப் படித்துச் செய்து பார்த்தவர்கள் கேட்ட சில கேள்விகளால் பின்வருவனவற்றைச் சேர்க்கிறேன்.

ஒரு நிறம் நன்றாக விரிந்து, அதன் உள்ளே விடும் மற்றொரு நிறம் மட்டும் பொட்டாக நிற்பதாகச் சிலர் எழுதியிருந்தார்கள். வெவ்வேறு நிறுவனங்களின் பூச்சுகள் வெவ்வேறு அளவில் விரிபவை. ஒரே நிறுவனத்தின் ஒரே வரிசையிலிருந்து எல்லா நிறங்களையும் எடுத்தால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்ந்துவிடும். அதற்கு வழியில்லையென்றால், குறைவாக விரியும் நிறத்தைக் கடைசிச் சொட்டாக நடுவில் மட்டும் வையுங்கள்.

பழைய பாட்டில் கெட்டிப்பட்டுவிட்டால் ரிமூவரை ஊற்றி இளக்கலாமா என்றும் கேட்டார்கள். கூடாது. ரிமூவரில் அசிட்டோனோடு தண்ணீரும் எண்ணெய்ப் பொருள்களும் கலந்திருக்கும். அவை பூச்சின் தன்மையைக் கெடுத்துவிடும். நகப்பூச்சுக்கென்றே விற்கும் தின்னரில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, பாட்டிலைக் குலுக்காமல் உள்ளங்கைகளுக்கு இடையே உருட்டினால் குமிழி இல்லாமல் இளகும்.

மருதாணி வைத்துச் சிவந்த நகத்தில் இதைச் செய்யலாமா என்ற கேள்வியும் வந்தது. தாராளமாகச் செய்யலாம். மருதாணியில் உள்ள லாசோன் என்னும் சாயம் நகத்தின் கெரட்டினோடு பிணைந்துகொள்வதால் ரிமூவரால் அது போகாது, வாட்டர் மார்பிளுக்கும் அது தடையில்லை; இரண்டு பூச்சு வெள்ளை அந்தச் சிவப்பை முழுதாக மறைத்துவிடும். கைநகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் வளர்வதால், அடியிலுள்ள சிவப்பு வெட்டி வெட்டிக் குறைந்து மறையச் சில மாதங்கள் ஆகும். மருதாணி சிவக்க வேண்டுமென்று நீலகிரித் தைலமோ கிராம்புத் தைலமோ தடவியிருந்தால் மட்டும் ஒரு நாள் விட்டு, நகத்தை ரிமூவரால் இரண்டு முறை துடைத்துவிட்டுத் தொடங்குங்கள்.