இளையோர் கதை வாங்கும் முன் நடுப்பக்கத்தைப் படியுங்கள்

மதுரை தமுக்கம் மைதானத்தில் புத்தகத் திருவிழா நடக்கும்போது, எட்டாவது படிக்கும் மகளுக்காக அட்டையைப் பார்த்தே அள்ளிக்கொண்டு வருவேன். பாதிக்கு மேல் அவள் தொடவே இல்லை. இப்போது நான் செய்வது இதுதான்: நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, இரண்டு பேர் பேசும் இடத்தை மெதுவாக வாய்விட்டுப் படிக்கிறேன். பதினான்கு வயதுப் பிள்ளை அப்படிப் பேசுமா? சமீபத்தில் நான் படித்த இளையோர் கதைகள் பலவற்றில் பிள்ளைகளின் வாயில் பெரியவர்களின் அறிவுரைதான் வருகிறது. கதைக்களம் நன்றாக இருந்தும் அந்தப் பேச்சு கெடுத்துவிடுகிறது. அந்தப் பிள்ளைகள் தப்பு செய்யட்டும், சண்டை போடட்டும். அப்போதுதான் மகள் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறாள்.

காமிக்ஸ் என்றால் பேச்சு வரும் பலூனுக்குள் எழுத்து பொடியாக இருக்கிறதா, கதை அந்தப் புத்தகத்திலேயே முடிகிறதா என்று பாருங்கள். முதல் பாகத்தை மட்டும் வாங்கிவிட்டு அடுத்ததற்கு அலைவது பெரிய பாடு. பக்கத்துச் சிவகாசியிலிருந்து 1972 முதல் முத்து காமிக்ஸ் வருகிறது. அதைப் படித்து வளர்ந்த நாம், நமக்குப் பிடித்த கௌபாய் கதையையே பிள்ளை கையில் திணிக்கிறோம். அவர்களே எடுக்கட்டும்.

சந்தேகமாக இருந்தால், புது நத்தம் சாலையில் இருக்கும் கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் சிறுவர் பிரிவுக்கு முதலில் கூட்டிப் போங்கள். அரை மணி நேரம் கீழே வைக்காமல் எதைப் படிக்கிறார்களோ, அந்த மாதிரிப் புத்தகத்தை அப்புறம் வாங்கலாம்.